ஏழாம் பக்கத்துக் கையெழுத்து

பிப்ரவரி மாதத்து அந்த வியாழக்கிழமை காலை பதினொன்றே முக்காலுக்கு பிரெண்டன் என் அறைக்குள் தட்டாமல் நுழைந்து, "மார்சி, ஹால்ஸ்டன் நமக்கு வந்துட்டான். சிம்பிள்," என்றான். சிம்பிள் என்ற அந்தச் சொல்லைக் கேட்டாலே என் கை கால்குலேட்டரைத் தேடும். பதினோரு வருஷமாக இந்தக் கூடைப்பந்து அணியின் சம்பளக் கணக்கைப் பார்க்கிறேன். பிரெண்டன் மேலாளராக வந்து மூன்று வருஷம் ஆகிறது. இந்த மூன்று வருஷத்தில் அவன் சிம்பிள் என்று சொன்ன ஒரே ஒரு காரியமாவது அப்படி முடிந்திருந்தால் என் தலையில் பாதி முடியாவது இன்னும் கறுப்பாக இருந்திருக்கும்.

விஷயம் இதுதான். சான் டியாகோ அணியின் நட்சத்திரம் கோரி ஹால்ஸ்டன் எங்களிடம் வருகிறான். பதிலுக்கு எங்கள் ஆட்கள் இருவர் அங்கே போகிறார்கள். இப்படி ஆட்களை மாற்றிக்கொள்கிற ட்ரேடுக்கு அன்று பிற்பகல் மூன்று மணிதான் கெடு. அதற்கு மேல் ஒரு நிமிஷம் ஆனாலும் லீக் ஒருவரையும் நகர்த்த விடாது.

"ஹால்ஸ்டன் சம்பளம் மூணு கோடியே பதினாலு லட்சம் டாலர்," என்றேன். "நாம அனுப்புற ரெண்டு பேருக்கும் சேத்து ரெண்டு கோடியே எழுபத்தாறு. மீதி முப்பத்தெட்டு லட்சத்துக்கு யாரை அனுப்பறது, உங்க மாமனாரையா?"

"அத நீங்க பாத்துக்குவீங்களே," என்று சிரித்தான்.

எங்கள் முதலாளியிடம் பணம் இல்லாமல் இல்லை. ஆனால் யாரும் இஷ்டத்துக்குச் சம்பளம் கொடுத்து நல்ல ஆட்களையெல்லாம் வளைத்துப் போட்டுவிடக் கூடாது என்று லீக் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறது. அந்தக் கோட்டைத் தாண்டிய அணிகள், எங்களைப் போன்றவர்கள், அனுப்புகிற சம்பளத்துக்கு மேல் ஒரு டாலர்கூடக் கூடுதலாக உள்ளே எடுக்கக் கூடாது. ஒரு டாலர் இடித்தாலும் நியூயார்க்கில் இருக்கிற லீக் வக்கீல் "செல்லாது" என்று போனை வைத்துவிடுவார். அதனால் இப்படிப்பட்ட பேரத்தில் எப்போதும் ஒரு மூன்றாவது ஆள் போவான். ஆட்டத்துக்காக இல்லை, எடைக்காக. தராசு சமமாவதற்குக் கடைக்காரர் கடைசியாக ஒரு வெங்காயம் போடுவாரே, அந்த வெங்காயம்.

பட்டியலைப் பார்த்தேன். ஒருவனுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. ஒருவன் டிசம்பரில்தான் சேர்ந்தான், மூன்று மாதம் ஆகாமல் அவனை நகர்த்த முடியாது. பொடியன்களின் சம்பளம் பத்தாது. கேப்டனை அனுப்பினால் ஊரே வந்து ஆபீஸைக் கொளுத்தும். தட்டித் தட்டிப் பார்த்ததில் மிஞ்சியது செட்ரிக் பர்னெல் ஒருவர்தான். முப்பத்தாறு வயது, பெஞ்சில் உட்காருகிறவர், சம்பளம் முப்பத்தொன்பது லட்சம். கச்சிதம். அவர் ஏற்கெனவே எட்டுத் தடவை இப்படி ஊர் மாறியவர். எட்டுத் தடவையும் வெங்காயமாகத்தான் போனார்.

ஒப்பந்தத்தை ஒருமுறை சரிபார்த்துவிடலாம் என்று கோப்பைத் திறந்தேன். பதினான்கு பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் செட்ரிக்கின் இனிஷியல். ஏழாம் பக்கம் மட்டும் வெறுமையாக இருந்தது.

முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் புரட்டிப் பார்த்தேன்.

எங்கள் விதிப் புத்தகத்தில் ஒரு வினோதம் உண்டு. இருந்த அணியிலேயே ஒரு வருஷ ஒப்பந்தத்தில் மறுபடியும் சேருகிற ஆட்டக்காரரை, அவர் சம்மதம் இல்லாமல் வேறு அணிக்கு அனுப்ப முடியாது. கோடிக்கணக்கில் வாங்குகிற நட்சத்திரங்களுக்கே இல்லாத உரிமை, பெஞ்சில் துண்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவருக்கு உண்டு. அதனால்தான் ஒப்பந்தம் போடும்போதே அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஏழாம் பக்கத்தில் ஒரு இனிஷியல் வாங்கிவிடுவோம். எல்லா அணியிலும் வாங்குவார்கள். யாரும் படித்துக்கூடப் பார்க்கமாட்டார்கள். போன ஜூலையில் செட்ரிக் வீட்டுச் சமையலறை மேஜையில் அதை வாங்கியிருக்க வேண்டியவள் நான்தான். எப்படித் தவறவிட்டேன் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

பிரெண்டனிடம் போய்ச் சொன்னேன். "ஏழாம் பக்கம்னா என்ன?" என்று கேட்டான். அட கடவுளே! மேலாளர்!

"செட்ரிக் கையெழுத்துப் போட்டாத்தான் போவார். மாட்டேன்னா ஹால்ஸ்டன் கிடையாது. அவ்வளவுதான்."

"போட்டுருவார். இந்தப் பனியில சான் டியாகோ போக யாரு மாட்டேன்பாங்க? சிம்பிள்." கதவுவரை போனவன் திரும்பினான். இப்போது முகத்தில் சிரிப்பு இல்லை. "மூணு மணிக்குள்ள அந்தக் கையெழுத்து வரலைன்னா, நாளைக்கு நீங்களும் வரவேணாம் மார்சி."

ஐம்பத்து நான்கு வயதில், வீட்டுக் கடன் இன்னும் ஆறு வருஷம் பாக்கி இருக்க, இதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

செட்ரிக்குக்குப் போன் அடித்தேன், அணைத்து வைத்திருந்தது. அவருடைய ஏஜென்டுக்கு அடித்தேன். அவர் சிரிக்கிறார். "கெடு நாள்ல அவன் போனை ஓட்ஸ் டப்பாக்குள்ள போட்டு மூடி வெச்சிருவான், மார்சி. மூணு மணிக்குத்தான் வெளிய எடுப்பான். எட்டுத் தடவையில மூணு தடவை டிவிதான் அவனுக்குச் சொல்லிச்சு. ஒரு தடவை முடி வெட்டிக்கிட்டு இருந்தப்ப கடைக்காரர் சொன்னாராம், பாதித் தலையோட எழுந்து போனான். நீங்க நேர்லயே போயிருங்க."

போனேன். முந்தின ராத்திரி முழுக்கக் கொட்டிய பனி. பாலம் முழுக்க வண்டிகள் ஊர்ந்தன. செட்ரிக்கின் தெருவில் இரண்டு பக்கமும் பனிக்குள் புதைந்த கார்கள், ஒரே ஒரு இடம் மட்டும் சுத்தமாக வாரப்பட்டு, நடுவில் சிவப்பு உறை போட்ட ஒரு சமையலறை நாற்காலி இருந்தது. நான் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள். பனியை வாரியவருக்குத்தான் அந்த இடம் என்று தெருவில் ஒருவர் அடையாளமாகப் போட்டு வைத்த நாற்காலியைத் தொடக் கூடாது என்பது எனக்கு எழுதப் படிக்கத் தெரிவதற்கு முன்பே தெரியும். அன்றைக்குத் தொட்டேன். தூக்கிப் பனிமேட்டில் வைத்துவிட்டுக் காரை உள்ளே விட்டேன்.

எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று திறந்தது. "ஏய்! யாருடி அது? வை அந்த நாற்காலிய!"

எண்பது வயதுக் கிழவி, தலையில் சுருள் கிளிப்புகளோடு. பிறகுதான் தெரிந்தது, பெயர் திருமதி வுகோவிச்.

"செட்ரிக் வீட்டுக்குத்தாம்மா வந்திருக்கேன்! அஞ்சே நிமிஷம்!"

"அவன் வீட்டுக்கு வந்தா அவன் இடத்தையே புடுங்குவியா? அவன் பொண்ணு காலையில ரெண்டு மணி நேரம் பனி வாரினா. எடு கார!"

காது கேட்காத மாதிரி மணியை அழுத்தினேன்.

கதவைத் திறந்தவள் செட்ரிக்கின் மகள் நைலா. பதின்மூன்று வயது. பனிக்காகப் பள்ளிக்கு விடுமுறை. அம்மா இல்லாத வீடு, அப்பாவும் மகளும்தான். வெளியூர் ஆட்டங்களுக்கு அவர் போகும்போது இவள் எதிர்வீட்டுக் கிழவியிடம் தங்குவாள். என்னைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே திரும்பி, "அப்பா, வந்துட்டாங்க," என்றாள்.

ஆறடி பத்தங்குல மனிதர் அடுப்பின் முன்னால் குனிந்து நின்று மக்காச்சோளக் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தார். கரண்டி நின்றது. "எங்க, மிஸ் மார்சி?" என்றார்.

"சான் டியாகோ."

"ஃப்ளைட் எப்ப?"

"அதில்ல செட்ரிக். இந்தத் தடவை நான் சொல்ல வரல. கேக்க வந்திருக்கேன்."

அவருக்குப் புரியவில்லை. உட்காரவைத்து ஏழாம் பக்கத்தைக் காட்டினேன். நீ சம்மதிச்சாத்தான் உன்னை அனுப்ப முடியும், உன் கையெழுத்து வேணும், என்று ஒரு தடவை சொன்னேன். அவர் காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அடுப்பை அணைத்தார்.

"இன்னொரு தடவை கேளுங்க."

"உனக்குச் சம்மதமா செட்ரிக்?"

"நைலா, அந்த டிவிய நிறுத்து. இங்க வா. மிஸ் மார்சி அப்பாவ ஏதோ கேக்கறாங்க, நீயும் கேளு." என்னைப் பார்த்து, "இப்பக் கேளுங்க," என்றார்.

"விளையாடாதப்பா, மணி பன்னெண்டே முக்கால்!" என்றேன்.

"பதிமூணு வருஷமா ஆடறேன் மிஸ் மார்சி. எட்டு ஊருக்கு அனுப்புனாங்க. ஒருத்தன், ஒரே ஒருத்தன் கேட்டதில்ல. கொஞ்சம் நிதானமாத்தான் கேளுங்களேன்."

கேட்டேன். மூன்றாவது தடவையாக, சர்ச்சில் பாதிரியார் மணமக்களைக் கேட்பதுபோல, நீ சான் டியாகோவுக்குப் போகச் சம்மதிக்கிறாயா என்று கேட்டேன். கேட்டுவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"வேணாம்னு சொன்னா?"

"சொன்னா நீ இங்கயே இருப்ப."

"அப்ப வேணாம்." அதைச் சொல்லிவிட்டு, நாக்கில் எப்படி இருக்கிறது என்று பார்க்கிறவர் மாதிரி இன்னொரு தடவை சொன்னார். "வேணாம்."

எனக்கு மண்டை காய்ந்தது. அங்கே வெயில் அடிக்கும் என்றேன். கடல் இருக்கிறது என்றேன். அங்கே அவர்களிடம் உயரமான ஆளே இல்லை, தினமும் இருபது நிமிஷம் ஆடக் கிடைக்கும், இங்கே துண்டு மடிக்கிறாய் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு மகள் பக்கம் கையை நீட்டினார்.

"இது அவளுக்கு ஏழாவது ஸ்கூல். ஒவ்வொரு வீட்லயும் அவகிட்ட ஒரு அட்டைப்பெட்டி இருக்கும், அதைப் பிரிக்கவே மாட்டா. திரும்பக் கட்டற வேலை மிச்சம்பா. நாலு ஊரு அந்தப் பெட்டி பிரிக்காமலே வந்துச்சு. போன மாசம்தான் பிரிச்சா. பெட்டிய மடிச்சுக் கதவுக்குப் பின்னாடி வெச்சிருக்கா."

"சீசன் முடிய மூணு மாசம்தானே செட்ரிக். எதிர்வீட்டு அம்மாகிட்ட இருக்கட்டும். எப்பவும் இருக்கறதுதானே."

"மூணு நாள் வேற, மூணு மாசம் வேற. வெச்சுட்டுப் போய் அப்புறம் வந்து எடுத்துக்க அவ என்ன சூட்கேஸா?"

அந்த நேரம் பார்த்து பிரெண்டன் கூப்பிட்டான். "போட்டாச்சா?"

"மாட்டேங்கறார்."

"என்ன வேணுமாம்? கொஞ்சம் பணம் சேத்துக் குடுத்துருவோம்."

"குடுக்கக் கூடாது பிரெண்டன்! விதி! ஒரு சாக்லேட் வாங்கிக் குடுத்தாக்கூட லீக் அபராதம் போடும். மூணு வருஷமா அதைத்தானே கத்திக்கிட்டு இருக்கேன்!"

"சரி சரி, கத்தாதீங்க. எப்படியாவது..." நான் போனை வைத்துவிட்டேன்.

வாசல் கதவு அதிர்ந்தது. திருமதி வுகோவிச், கையில் பனி வாரும் மண்வெட்டியோடு. "அஞ்சு நிமிஷம்னியே, அரை மணி ஆச்சு. எடுக்கறியா, நானே உன் காரைப் பனியால மூடவா?"

மூடிவிடுவாள் போலத்தான் இருந்தது. ஓடிப்போய்க் காரை எடுத்தேன். மூலையில் திரும்பும்போது சக்கரம் வழுக்கி மேட்டில் ஏறி நின்றுவிட்டது. வேலை போகப் போகிற நாளில், பனியில் முழங்கால்வரை நின்றுகொண்டு, வழியில் போன ஒரு தபால்காரரிடம் கெஞ்சித் தள்ளச் சொல்லி, மூன்று தெரு தள்ளி இடம் பிடித்து, நடந்து வந்தேன். என் வாயில் வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது. பூட்ஸுக்குள் தண்ணீர். கிழவி இன்னும் அங்கேயே நின்று நாற்காலியை அதன் இடத்தில் சரியாக வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன விஷயமா வந்த?" என்று கேட்டாள்.

சொன்னேன்.

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "அவ என் வீட்டுச் சாவிய கழுத்துல கட்டிக்கிட்டுத் திரியறா," என்றாள். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்து போய்விட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உள்ளே போனபோது மணி இரண்டு. நைலா மேஜையில் ஒப்பந்தத்தின் பதினான்கு பக்கத்தையும் பரப்பி வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். செட்ரிக் ஆறிப்போன கஞ்சியின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"இது என்னாலதான்," என்றாள் நைலா, ஏழாம் பக்கத்தில் விரலை வைத்து. "ஜூலையில நீங்க இங்க உக்காந்து பக்கம் பக்கமாத் திருப்பிக்கிட்டு இருந்தீங்க. நான்தான் நடுவுல வந்து கேட்டேன்."

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இதே மேஜை. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. இவள் என் தோளருகே வந்து நின்று, "ஒரு வருஷம்னா முழுசா ஒரு வருஷமா?" என்று கேட்டாள். நான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்து, "ஆமா கண்ணு, முழுசா ஒரு வருஷம்," என்றேன். சொல்லிக்கொண்டே கை இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிட்டது. ஒரு குழந்தையிடம் பொய் சொல்லிக்கொண்டே, அந்தப் பொய்யை மெய்யாக்கிவிட்டு வந்திருக்கிறேன். மெய்யானது எனக்கே தெரியவில்லை!

"போடலைன்னா உங்க வேலை போயிருமா?"

"போயிரும்," என்றேன். பொய் சொல்கிற தெம்பு இல்லை.

செட்ரிக் தலை நிமிர்ந்தார். "மிஸ் மார்சி, உங்க மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா அதுக்காக..."

"அதுக்காக இல்லப்பா," என்றாள் நைலா. "போடுங்க."

"என்ன சொல்ற நீ?"

"முப்பத்தாறு வயசுல ஒரு ஆள் பெரிய ட்ரேடை நிறுத்திட்டாருன்னு ஊரெல்லாம் தெரிஞ்சுரும். ஜூலையில உங்களை யாரு கூப்பிடுவா? இவங்களும் கூப்பிட மாட்டாங்க, வேற யாரும் கூப்பிட மாட்டாங்க. எனக்கு இங்க நாலு மாசம் மிஞ்சும், உங்களுக்கு ஆட்டமே முடிஞ்சுரும்." என் பக்கம் திரும்பினாள். "நான் சொல்றது பொய்யா மிஸ் மார்சி?"

எத்தனையோ வக்கீல்களோடு, ஏஜென்டுகளோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியவள் நான். ஒருவரும் என்னை இப்படி உண்மையைச் சொல்ல வைத்ததில்லை. "பொய்யில்ல," என்றேன். அந்த நிமிஷம் என்மேலேயே எனக்குக் காறித் துப்பலாம் போல இருந்தது.

"உனக்கு இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார் செட்ரிக், மகளைப் பார்த்து.

"எட்டு ட்ரேடுப்பா."

அவர் ஆறிய கஞ்சிக் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தினார். சுவர்க் கடிகாரத்தில் இரண்டு இருபது. பிறகு பேனாவுக்குக் கையை நீட்டினார். சம்மதக் காகிதத்தில் முழுப்பெயரையும் மெதுவாக எழுதினார். நான் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தபோது நைலா மாடிக்குப் போய் மடித்து வைத்த அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து, தரையில் விரித்து, அடியில் டேப் ஒட்ட ஆரம்பித்தாள்.

இரண்டே முக்காலுக்கு லீக் வக்கீலின் தொலைபேசி. இரண்டு அணியும் கேட்டுக்கொண்டிருக்க, அவர் ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுகிறவர் மாதிரி ஒவ்வொரு பெயரையும் சம்பளத்தையும் வாசித்தார். பர்னெல், செட்ரிக், முப்பத்தொன்பது லட்சம், சம்மதம் பெறப்பட்டது. செல்லும். இரண்டு ஐம்பத்திரண்டுக்கு எல்லாம் முடிந்தது. பிரெண்டனிடமிருந்து ஒரே வரிச் செய்தி வந்தது: "பாத்தீங்களா, சிம்பிள்."

வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்குப் போய் நைலாவின் பெயரை எடுத்துவிட்டு அப்பாவும் மகளும் விமானம் ஏறினார்கள். சனிக்கிழமை மத்தியானம் ஹால்ஸ்டனுக்கு எங்கள் டாக்டர்கள் பரிசோதனை செய்தார்கள். கணுக்காலில் இரண்டு இடத்தில் எலும்பு விரிசல். சான் டியாகோ அதைச் சொல்லவே இல்லை. டாக்டர் வேண்டாம் என்றார், முதலாளி வேண்டாம் என்றார். பேரம் ரத்து. போனவர்கள் எல்லோரும் அவரவர் ஊருக்குத் திரும்ப வேண்டியது.

"ஒண்ணுமே நடக்கலைன்னு வெச்சுக்கணும் மார்சி," என்றான் பிரெண்டன். "லீக் விதியே அப்படித்தான் சொல்லுது. ட்ரேடே நடக்கல."

ஒன்றும் நடக்கவில்லையாம்! அந்தக் காகிதத்தில் கையெழுத்து இருக்கிறது, ஆனால் நடக்கவில்லை. ஒரு பெண் தன் பள்ளியில் பெயரை எடுத்துவிட்டுப் போயிருக்கிறாள், நடக்கவில்லை. இரண்டாயிரத்து ஐந்நூறு மைல் போய் ஓட்டலில் படுத்துத் திரும்புகிறார்கள், அதுவும் நடக்கவில்லை. பதினோரு வருஷமாக இந்த விதிப் புத்தகத்தை மனப்பாடமாக வைத்திருக்கிறேனே, அதை அப்படியே சுருட்டி அவன் வாயில் திணிக்க வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது. சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விமான நிலையத்திலிருந்து அவர்களை நான்தான் கூட்டி வந்தேன். அந்த அட்டைப்பெட்டி பின் சீட்டில் நைலாவின் பக்கத்தில் இருந்தது. வெள்ளியும் சனியும் மறுபடி பனி கொட்டியிருந்தது. தெருவுக்குள் திரும்பினேன், எந்த வீட்டின் முன்னாலும் கார் நிறுத்த ஒரு முழ இடம் இல்லை. செட்ரிக்கின் வீட்டு முன்னால் மட்டும் தார் தெரிகிற அளவுக்குச் சுத்தமாக வாரப்பட்டு, நடுவில் அந்தச் சிவப்பு நாற்காலி இருந்தது.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"போயிட்டாங்கன்னு டிவியில சொன்னாங்களே, உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டேன், கிழவியின் கையில் சுற்றியிருந்த சுளுக்குக் கட்டைப் பார்த்துக்கொண்டே.

"டிவியில ஆயிரம் சொல்லுவான்," என்றாள் திருமதி வுகோவிச். "நாற்காலி இருக்குல்ல?"

நைலா இறங்கிப்போய் நாற்காலியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, வாருங்கள் என்று எனக்குக் கையசைத்தாள். காரை நிறுத்தி, பெட்டியை நான் தூக்கிக்கொண்டு அவள் அறைவரை போனேன். டேப்பைக் கிழிக்கக் கத்தரிக்கோல் தேடினேன்.

"வேணாம் மிஸ் மார்சி. அப்படியே இருக்கட்டும்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "ஜூலையில ஒப்பந்தம் முடியுதுல்ல."

அந்த வருஷம் நாங்கள் முதல் சுற்றிலேயே தோற்றோம். ஜூலை வந்தது. செட்ரிக்கை இன்னொரு வருஷத்துக்கு எடுப்பதென்று முடிவானது. பிரெண்டன் அதே சம்பளத்தில் அதே ஒப்பந்தத்தை அச்சடித்து என் மேஜையில் வைத்தான். ஏழாம் பக்கத்தில் ஒரு மஞ்சள் காகிதம் ஒட்டி, "இதை மறக்காதீங்க!!!" என்று மூன்று ஆச்சரியக் குறி போட்டிருந்தான். மற்ற பக்கங்களை அவன் திறந்தும் பார்க்கவில்லை. எப்போதும் பார்க்கமாட்டான், அதற்குத்தான் நான் இருக்கிறேன். போகிற வழியில் ஒரு சிக்னலில் நின்றபோது அந்த மஞ்சள் காகிதத்தைக் கிழித்தெடுத்துக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அதே சமையலறை, அதே மின்விசிறி. செட்ரிக் ஒவ்வொரு பக்கமாக இனிஷியல் போட்டுக்கொண்டு வந்தார். ஆறாம் பக்கத்தை முடித்தார். நைலா என் தோளருகே வந்து நின்றாள். ஐந்து மாதத்தில் ஒரு விரற்கடை வளர்ந்திருந்தாள்.

"எத்தனை வருஷம்?" என்றாள்.

"ஒரு வருஷம்."

"முழுசாவா?"

நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். "முழுசா," என்றேன். பார்வையை எடுக்காமலே இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டினேன். செட்ரிக்கின் பேனா ஒரு நொடி காற்றில் நின்றது. பிறகு எட்டாம் பக்கத்தில் இறங்கியது.

என் போன் அடித்தது. பிரெண்டன். "மார்சி, எல்லாம் ஆச்சா?"

"சிம்பிள்," என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுத்த பிப்ரவரியில் கத்துவான். கத்தட்டும்.

நைலா மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். கொஞ்ச நேரத்தில் மேலே டேப் கிழிகிற சத்தம் கேட்டது.